ஈ-டைப்பா, 911-ஆ? பழைய ஸ்போர்ட்ஸ் கார் இரண்டை ஒப்பிட்டு வாங்குவது எப்படி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை வந்ததும் பலருடைய மனதில் முதலில் வந்து நிற்பவை இரண்டு: இங்கிலாந்தின் ஜாகுவார் ஈ-டைப், ஜெர்மனியின் போர்ஷே 911. எது வேகமானது, எது நாளைக்கு நல்ல விலை போகும் என்ற கேள்வி உடனே எழும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஈ-டைப் என்ற பெயரில் 1961 முதல் 1974 வரை 72,000-க்கும் மேற்பட்ட கார்கள் வந்தன. 911 இன்றும் விற்பனையில் இருக்கிற பெயர். ஒரே பெயரும் ஒரே ஆண்டும் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலைக்குப் போவது இந்தச் சந்தையில் சாதாரணம். அதனால் கடைசியில் நீங்கள் ஒப்பிடப்போவது உங்கள் கண்முன் நிற்கும் இரண்டு குறிப்பிட்ட கார்களைத்தான். புதிதாக வருகிறவர் அதை எந்த வரிசையில் செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதல் படி: எந்த ஈ-டைப், எந்த 911?

ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. முதலில் 3.8 லிட்டர் இன்ஜின். 1964 அக்டோபரில் 4.2 லிட்டர் வந்தது. கூடவே முதல் கியருக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ள புதிய கியர்பாக்ஸ், நல்ல இருக்கை, மேம்பட்ட பிரேக் எல்லாம் வந்தன. 1966-இல் பின்னால் இரண்டு சிறிய இருக்கைகளோடு நீளமான 2+2 வந்தது. 1968-இல் தொடங்கிய இரண்டாம் வரிசையில், அமெரிக்கச் சட்டங்களுக்கு ஏற்ப ஹெட்லைட்டுக்குக் கண்ணாடி மூடி இல்லை, பம்பர் பெரிதானது. 1971-இல் மூன்றாம் வரிசை, 5.3 லிட்டர் வி12 இன்ஜினோடு வந்தது. இவை ஒவ்வொன்றிலும் மேல்கூரை மடிக்கும் ரோட்ஸ்டர், மூடிய கூபே என்ற பிரிவு வேறு. மூன்றாம் வரிசையில் மட்டும் மூடிய கார் 2+2 ஆகவே வந்தது.

911-இன் கதை இன்னும் சுற்றானது. 1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்தபோது அதன் பெயர் 901. நடுவில் சுழியம் உள்ள மூன்றிலக்கப் பெயர்கள் பிரான்சில் தங்களுக்கே உரியவை என்று அந்நாட்டுக் கார் நிறுவனமான பேஜோ சொன்னதால் 911 ஆனது. முதல் காரில் காற்றால் குளிரும் 2 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், 130 குதிரைத்திறன். 1967 மாடலில் 160 குதிரைத்திறனோடு 911 எஸ் வந்தது. 1969 மாடலில் சக்கர இடைவெளி, அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 57 மில்லிமீட்டர் கூடியது. அதற்குப் பிறகு டி, ஈ, எஸ் என மூன்று தரங்கள், 2.2 லிட்டர், 2.4 லிட்டர் என்று போய், 1973-இல் கரேரா ஆர்எஸ் 2.7. பார்க்க 911 போலவே இருந்து உள்ளே நாலு சிலிண்டர் இன்ஜின் உள்ள 912-உம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அனுபவசாலிகளே ஏமாறுவார்கள்.

இந்தக் கட்டுரைக்கு 1965-68 காலத்து 4.2 ஈ-டைப்பையும், அதே காலத்தின் குட்டைச் சக்கர இடைவெளி 911-ஐயும் எடுத்துக்கொள்கிறேன். வயது ஒன்று, எண்ணம் முற்றிலும் வேறு. ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

இரண்டாம் படி: தாளில் உள்ள எண்களைச் சரியாகப் படியுங்கள்

ஈ-டைப் 265 குதிரைத்திறன், 911 வெறும் 130 குதிரைத்திறன் என்று பார்த்ததும் போட்டியே இல்லை என்று தோன்றும். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஜாகுவார் சொன்ன 265 மொத்த அளவு. இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து, விசிறி, சைலன்சர் போன்ற சுமைகளை நீக்கிவிட்டு அளந்தது. போர்ஷே சொன்ன 130, ஜெர்மானியத் தர முறைப்படி அந்தச் சுமைகளோடு அளந்தது. ஒரே முறையில் அளந்தால் ஜாகுவாரின் எண் கணிசமாக இறங்கும். அடுத்து எடை: 911 ஏறக்குறைய 1,080 கிலோ, ஈ-டைப் அதைவிடச் சுமார் 200 கிலோ கூடுதல்.

இத்தனையும் கழித்த பிறகும் நேர்ச்சாலையில் ஈ-டைப்தான் வேகமானது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் தொட அதற்கு ஏறக்குறைய 7 வினாடி போதும். சாதாரண 911-க்கு 100 கிலோமீட்டரை எட்ட 9 வினாடி ஆகும். உச்ச வேகத்தில் 911-க்கு 210 கிலோமீட்டர், 911 எஸ்ஸுக்கு 225. ஈ-டைப்புக்குப் புகழ் தேடித் தந்த எண் மணிக்கு 150 மைல், அதாவது 241 கிலோமீட்டர். 1961-இல் ஆட்டோகார் பத்திரிகையின் சோதனையில் ஒரு கூபே 150.4 மைல் ஓடியது உண்மை. ஆனால் அது பத்திரிகைகளுக்காகக் கவனமாகத் தயார் செய்யப்பட்ட கார். கடையில் வாங்கிய கார்கள் அந்த எண்ணைத் தொடுவது அரிது.

விலைப்பட்டியலையும் பாருங்கள். 1961-இல் ஈ-டைப் ரோட்ஸ்டர் பிரிட்டனில் ஏறக்குறைய 2,100 பவுண்டு. அதே காலத்து ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த விலைக்கு அந்த வேகம், அந்த உருவம். ஜாகுவாரின் வடிவமைப்பாளர் மால்கம் சேயர் விமான நிறுவனத்தில் கற்ற காற்றியக்கக் கணக்கை வைத்து வரைந்த உடல் அது. இந்தக் காரைப் பார்த்து உலகம் ஏன் திகைத்தது என்று புரியும்.

மூன்றாம் படி: காரைப் பார்க்கப் போகும் முன் காகிதத்தைப் பாருங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்யுங்கள். காரை நேரில் பார்த்துவிட்டால் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிடும், பிறகு காகிதத்தில் ஓட்டை இருந்தாலும் கண்ணில் படாது.

ஜாகுவாருக்கு, நிறுவனத்தின் பாரம்பரிய அறக்கட்டளை ஒரு சான்றிதழ் தருகிறது. தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சேசிஸ் எண், இன்ஜின் எண், கியர்பாக்ஸ் எண், பாடி எண், முதல் நிறம், உள்ளே போட்ட தோலின் நிறம், அனுப்பிய தேதி, எந்த விற்பனையாளருக்குப் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். போர்ஷேவுக்கு கார்டெக்ஸ் என்ற பழைய பதிவு அட்டை. அதன் நகல் ஒரு காருடன் வந்தால் அதற்குத் தனி மரியாதை உண்டு. விற்பவரிடம் இவற்றின் படத்தையும், காரில் பொறித்த எண்களின் படத்தையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பாருங்கள்.

எண்கள் எங்கே இருக்கும்? ஈ-டைப்பில் சேசிஸ் எண் முன்பக்கக் குழாய்ச் சட்டத்தில் வலப்பக்கம் பொறித்திருக்கும். இன்ஜின் எண் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலேயும், சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 911-இல் இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். சேசிஸ் எண் அந்த முன் டிக்கியில் விரிப்பைத் தூக்கினால் தெரியும். இன்ஜின் எண் குளிர்விசிறிக்கு வலப்பக்கத்தில் உள்ள செங்குத்தான பகுதியில் இருக்கும். பொறித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றிலும் அரைத்த தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

எண் பொருந்துவது ஏன் இவ்வளவு முக்கியம்? மாற்று இன்ஜின் போட்ட காரும் அதே வேகத்தில்தான் ஓடும். சில சமயம் இன்னும் நன்றாகவே ஓடும். ஆனால் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது, அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளோடு அதற்கு இன்றும் இருக்கும் தொடர்புக்காக. அந்தத் தொடர்பு ஒருமுறை அறுந்தால் எவ்வளவு செலவழித்தாலும் திரும்ப வராது. போலி வேலை நடப்பதும் இந்த இடத்தில்தான். சாதாரண 911-ஐ எடுத்து, வாத்து வால் போன்ற பின் இறக்கையைப் பொருத்தி, பக்கவாட்டில் கரேரா என்று எழுதிவிட்டால் கண்ணுக்கு ஆர்எஸ் 2.7 தான். உண்மையான ஆர்எஸ்ஸின் சேசிஸ் எண் 911360 என்று தொடங்கும். தொழிற்சாலை செய்தவை மொத்தமே 1,580. இதேபோல மூடிய ஈ-டைப்பை வெட்டி ரோட்ஸ்டராக்கிய கார்களும், இடப்பக்க ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றிய கார்களும் நிறைய. ஈ-டைப்பில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு இடப்பக்க ஸ்டீயரிங்கோடு போனது, அவற்றில் பல பின்னாளில் இங்கிலாந்து திரும்பின. மாற்றியது குற்றமில்லை, மறைத்து விற்பதுதான் குற்றம்.

சான்றிதழைத் தவிர ரசீதுகள், பழைய பதிவுப் புத்தகங்கள், மராமத்துப் படங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். மராமத்து நடந்தபோது எடுத்த படங்கள் இல்லாமல் 'முழுக்க மராமத்து செய்த கார்' என்று சொன்னால் அதைப் புதிய பெயின்ட் அடித்த கார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஜாக்கில் தூக்கி அடியில் பாருங்கள்

போகும் முன் போன் செய்து, காரை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பானெட் மேல், 911 என்றால் பின்னால் உள்ள இன்ஜின் மூடி மேல், கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் முதலில் எழும்பும்போது போடும் சத்தத்தையும் புகையையும் நீங்கள் இழந்துவிட்டீர்கள். இன்னொரு நாள் வருவதே நல்லது.

இரண்டு காருக்கும் பொது எதிரி துருதான். இன்ஜின் கெட்டால் சரிசெய்யச் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். துருவுக்கு அப்படிச் சொல்ல முடியாது, பிரித்துப் பார்க்கப் பார்க்கத்தான் தெரியும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரண்டும் இரும்புத் தகட்டு உடல்கள். கதவுக்குக் கீழே, சக்கர வளைவுகளைச் சுற்றி வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது பட்டி.

ஈ-டைப்பில் பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, தரைத் தகடு, பின்சக்கரத்தின் இழுவைக் கம்பி தரையோடு சேரும் இடம். இவை மூன்றும் அழுகினால் காரின் முதுகெலும்பே போனது போல. முன்பக்கம் இன்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். அந்தச் சட்டத்தை மாற்றினால் அதிலுள்ள சேசிஸ் எண்ணும் போய்விடும். மூன்றாம் படியில் சொன்ன கவலை இங்கே திரும்ப வருகிறது. சட்டம் மாற்றியிருந்தால் பழைய துண்டு பத்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் பானெட். காரின் முன்பாதி முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கப்படுவது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றையும் கையால் சரிசெய்துதான் பொருத்தினார்கள். கதவோடு சேரும் இடைவெளி இரு பக்கமும் சீராக இல்லை என்றால் பழைய விபத்து ஒன்று இருக்கலாம். புதிய பானெட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

911-இல் முன் டிக்கியின் தரை, பெட்ரோல் டாங்கைச் சுற்றிய பகுதி, பேட்டரி இருக்கும் இடம், கதவுக்குக் கீழே, பின்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் கம்பி நுழையும் குழாயின் இரு முனைகள். முழு உடலுக்கும் துத்தநாகப் பூச்சு வந்தது 1976 மாடலில்தான். அதற்கு முந்தைய எந்த 911-உம் 'துருவே இல்லை' என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: வறண்ட ஊரில் வாழ்ந்திருக்கும், அல்லது உலோக வேலை நடந்திருக்கும். எது என்று கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு செய்த வாரம், அடுத்த இரண்டு செய்த ஆண்டு. பட்டன் புதிதுபோல இருந்தாலும் பத்து வருடப் பழைய ரப்பரில் இந்தக் கார்களை வேகமாக ஓட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பாருங்கள்

இரண்டையும் ஒரே நாளில் ஓட்ட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. ஈ-டைப்பில் நீண்ட மூக்குக்குப் பின்னால், கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பீர்கள். நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது அழுத்தினால் ஒரு தயக்கமும் இல்லாமல் இழுக்கும். 4.2-இன் அழகே அந்த இழுவைதான். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டலாம். ஓட்டி முடித்ததும் இன்ஜினை அணைக்காமல் இருபது நிமிடம் நிற்க விட்டு வெப்ப முள்ளைப் பாருங்கள். மின்விசிறி தானாக ஓடி முள்ளை இறக்க வேண்டும். நெரிசலில் சூடேறுவது இந்தக் காரின் பழைய நோய். சூடான இன்ஜினில் 3,000 சுற்றில் ஆயில் அழுத்தம் 40 பிஎஸ்ஐ-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி.

911 வேறு உலகம். சிறியது, கண்ணாடி நிறைய, நாலு பக்கமும் தெரியும். இன்ஜின் சுற்று ஏற ஏறத்தான் உயிர் பெறும். முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கும், பழக ஒரு நாள் ஆகும். ஸ்டீயரிங் வழியாகச் சாலையின் ஒவ்வொரு மேடும் கைக்கு வரும். வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இதைப் பிடிக்க ஈ-டைப் திணறும். 1968-இல் பிரிட்டிஷ் ஓட்டுநர் விக் எல்ஃபோர்ட் மான்டே கார்லோ ராலியை வென்றது ஒரு 911-இல்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை. இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். தொடக்க காலத்தில் இதைத் தணிக்க முன் பம்பரின் இரு மூலைகளிலும் 11 கிலோ இரும்பு வைத்தார்கள். 1969-இல் சக்கர இடைவெளியைக் கூட்டியதும் இதற்காகத்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போனதும் காலை நிலையாக வையுங்கள்.

911-இன் ஆயில் அளவை விற்பவர் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஆயில் தனி டாங்கில் இருப்பதால், இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த காரில் பார்த்துவிட்டு 'குறைவாக இருக்கிறது' என்று ஊற்றுகிறவர் அந்தக் காரைச் சரியாக வளர்த்திருக்க மாட்டார்.

ஆறாம் படி: வருடா வருடம் என்ன செலவு

ஈ-டைப்பில் கிளட்ச் மாற்ற இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் உள்ளே டிஃபரன்ஷியலை ஒட்டி இருப்பதால் சின்ன வேலைக்கும் நேரம் பிடிக்கும். நல்ல பக்கம் என்னவென்றால், உதிரிப் பாகம் கிட்டத்தட்ட எல்லாமே புதிதாகக் கிடைக்கிறது. அதே குடும்ப இன்ஜின் பல ஜாகுவார்களில் பல பத்தாண்டுகள் ஓடியதால் தெரிந்த மெக்கானிக்குகளும் உண்டு.

911 இன்ஜினை இறக்குவது எளிது. ஆனால் முழுதாகப் பிரித்துக் கட்டினால் பில் ஜாகுவாரைவிடக் கூடும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இந்தக் காலக் கார்களின் பலவீனம். பின்னாலிருந்து செயின் சலசலக்கும் சத்தம் கேட்டால் அதை விலையில் கழியுங்கள்.

ஏழாம் படி: விலையை எப்படிப் படிப்பது

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். பானம்ஸ், ஆர்எம் சதபீஸ் போன்ற ஏல நிறுவனங்களும், பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலங்களும் முடிவுகளை வெளியிடுகின்றன. அந்த எண்ணில் வாங்குபவர் தரும் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் அதே மாடல், அதே உடல் வகையில் பத்துக் காரையாவது எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்தில் அதன் நிலையையும் குறியுங்கள். ஒரு மாலை நேர வேலைதான், ஆனால் அதற்குப் பிறகு யாரும் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது.

தலைப்புச் செய்தி விலைகளை ஒதுக்கிவிடுங்கள். அலுமினிய உடல் கொண்ட ஈ-டைப் லைட்வெயிட் 1960-களில் 12 மட்டுமே செய்யப்பட்டது. அதில் ஒன்று 2017-இல் 70 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதற்கும் உங்கள் ஈ-டைப்புக்கும் பெயர் மட்டுமே பொது.

பொதுவான வரிசை இதுதான். ஈ-டைப்பில் முதல் வரிசை ரோட்ஸ்டர் மேலே, அடுத்து முதல் வரிசை கூபே, 2+2 கீழே. வி12 ரோட்ஸ்டருக்குத் தனி ரசிகர்கள் உண்டு. 911-இல் ஆர்எஸ் 2.7 தனி உயரத்தில், அதற்குக் கீழே எஸ், ஈ, டி, கடைசியில் 912. இதில் புதியவர்கள் மறக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கும் கூலி 2+2-க்கும் ரோட்ஸ்டருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 912-க்கும் 911 எஸ்ஸுக்கும் அப்படியே. முடித்த பிறகு கிடைக்கும் விலையோ வெகுதூரம் வேறு. மலிவாகக் கிடைக்கிறதே என்று அழுகிய 2+2-ஐ வாங்குகிறவர், நல்ல 2+2-இன் விலையைத் தாண்டிச் செலவழித்துவிட்டு நிற்பார். மலிவான மாடல் என்றால் ஆகச் சிறந்த நிலையில் இருப்பதை வாங்குங்கள். அழுகிய காரை எடுத்துக் கட்டும் வேலையை, உச்ச மாடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நானாக இருந்தால் எது? வருடத்துக்குச் சில நீண்ட பயணம், நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு கார் என்றால் 4.2 கூபே. ரோட்ஸ்டரைவிட விலை குறைவு, உருவத்தில் எனக்கு ரோட்ஸ்டரைவிடப் பிடித்ததும் அதுதான். வாரம் தவறாமல் ஓட்ட வேண்டும் என்றால் சக்கர இடைவெளி நீண்ட 1969-க்குப் பிந்தைய 911 டி. எண் பொருந்தி, கார்டெக்ஸ் நகல் இருந்து, பெயின்ட் மட்டும் மங்கியிருக்கும் ஒன்று கிடைத்தால், பக்கத்தில் புதுப் பெயின்ட்டில் மின்னும் எந்தக் காரையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.